நாமமும் நித்திரையும்

நாள் முழுதும் உழைத்துக் களைத்த உடம்பு பாயில் சாய்ந்த பின்னரும், மனம் மட்டும் மறுநாள் கொடுக்க வேண்டிய பணத்தையும் என்றோ கேட்ட சுடுசொல்லையும் மாறிமாறி எடுத்துப் பார்த்துக்கொண்டு உறங்க மறுக்கும் இரவுகளை அறியாதவர் எவரும் இரார். அத்தகைய இரவுகளில் எனக்கு உற்ற துணையாக இருந்து வருவது, என் பாட்டியார் சந்தியா காலத்தில் துளசி மணிமாலையை உருட்டியவண்ணம் ஜபித்து வந்த ராம நாமமே ஆகும்.

ஜபத்தை வாசிகம், உபாம்சு, மானசம் என மூவகையாக வகுத்த பெரியோர், உரக்கச் சொல்வதைக் காட்டிலும் பிறர் செவிக்கு எட்டாமல் உதட்டளவில் சொல்வதையும், அதனினும் மனத்துக்குள்ளேயே சொல்வதையும் மேலாகக் கொண்டனர். ரமண மகரிஷியும் 1927-ல் அருளிய 'உபதேச உந்தியா'ரில் இந்த வரிசையையே வைத்திருக்கிறார். ஆயினும் களைப்பு மிகுந்த வேளையில் எடுத்த எடுப்பிலேயே மானசத்தைப் பற்றினால் நாமம் நழுவிவிடுகிறது. சற்று நேரம் உபாம்சுவாகச் சொல்லி, மூச்சு தானே நிதானப்பட்ட பிறகு உதட்டை ஓயவிடுவதே சுலபம் என்பது என் அனுபவம்.

மூச்சு நிதானப்படுவது வெறும் பிரமை அன்று. இத்தாலிய மருத்துவர் லூச்சியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 23 பேரைக் கொண்டு நடத்தி 2001-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னபோதும், 'ஓம் மணி பத்மே ஓம்' என்னும் மந்திரத்தைச் சொன்னபோதும், சுவாசம் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 6 என்ற அளவுக்குத் தணிந்து, இருதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அந்த லயத்தோடு இசைந்து நடந்ததைக் கண்டார்கள். கிறிஸ்தவரின் பிரார்த்தனையும் பௌத்தரின் மந்திரமும் தேகத்துக்கு ஒரே சாந்தியை அளித்தன என்ற செய்தி எனக்குப் பேரானந்தம் தருவது.

ஜபத்தினிடையே மனம் எங்கோ ஓடிவிடுகிறதே என்று சோர்ந்து அதனைக் கைவிட்டவர்கள் அநேகர். ஓடியது தெரிந்த அந்தக் கணமே நாமத்துக்குத் திரும்பினால் போதும்; தன்னைத்தானே கடிந்துகொள்வது இளைப்பாறுதலுக்குப் பகை. 108 மணியென்ற கணக்கு காலை அனுஷ்டானத்துக்கு உரியது; நித்திரையை நாடிச் சொல்பவர், பத்தாவது உருவிலேயே கண்ணயர்ந்துவிட்டாலும் அதில் தோஷம் ஏதுமில்லை என்றே கருதுகிறேன்.

வைத்தியர் தந்த மருந்தை இதன்பொருட்டு நிறுத்திவிட வேண்டாம். இன்றிரவு விளக்கை அணைத்த பின்னர், அவரவர் குலமோ சமயமோ தந்த ஒரு நாமத்தை, அவசரமின்றி, உதட்டளவில் சொல்லிப் பார்க்குமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்.