பாசி பிடியாத கல்லும் நீட்டிய நாக்கும்

உருளும் கல்லிற் பாசி பிடியாது என்பது ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வழங்கும் பழமொழி. அதனை இருவகையாகப் பொருள்கொள்வர். ஓரிடத்தில் நிலைகொள்ளாதவன் செல்வமும் சுற்றமும் சேர்க்கமாட்டான் என்பது ஒன்று. ஓயாது இயங்குபவனைத் தேக்கமும் பழமையும் பற்றா என்பது மற்றொன்று. பாசியைச் செல்வமெனக் கொள்வதா, அழுக்கெனக் கொள்வதா என்பதிலேயே இரண்டும் வேறுபடுகின்றன. றோலிங் ஸ்ரோன்ஸ் என்னும் ஆங்கில றொக் இசைக்குழுவின் பெயர் இப்பழமொழியிலிருந்து வந்ததென்றே பலரும் கருதுவர். அது முழு உண்மையன்று. பழமொழிக்கும் குழுவுக்கும் இடையில் ஒரு கறுப்பின மனிதனின் குரல் நிற்கின்றது.

அம்மனிதனின் இயற்பெயர் மக்கின்லி மோர்கன்பீல்ட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கிளார்க்ஸ்டேல் நகருக்கு அண்மையிலுள்ள ஸ்ரோவால் பருத்தித் தோட்டத்தில் பாட்டியால் வளர்க்கப்பட்டவன். சேற்றில் விளையாடிய பேரனுக்குப் பாட்டி இட்ட செல்லப்பெயரே பின்னர் மடி வோட்டர்ஸ் என உலகறிந்த பெயராயிற்று. 1941 ஆம் ஆண்டில், நாட்டார் பாடல்களைத் தேடிச் சென்ற அலன் லோமாக்ஸ் அத்தோட்டத்தில் அவனது பாடலை ஒலிப்பதிவு செய்தார். 1943 இல் அவன் தோட்டத்தை விட்டுச் சிக்காகோ நகருக்குப் புறப்பட்டான். தெற்கின் நிறவெறியையும் பருத்திக் காட்டின் வறுமையையும் விட்டு வடக்கே பெயர்ந்த இலட்சக்கணக்கான கறுப்பின மக்களுள் அவனும் ஒருவன். 1950 இல், செஸ் நிறுவனத்துக்காக, மின்கித்தார் ஒன்றை மட்டுமே துணையாகக்கொண்டு 'றோலின் ஸ்ரோன்' என்ற பாடலை அவன் பதிவுசெய்தான். பழமொழி கூறும் உருளுங்கல் தன் விருப்பிலே உருளுவது. இப்பாடலின் பின்னணியிலுள்ள மக்களோ உருட்டப்பட்டவர்கள். பழமொழியின் இருபொருள்களுக்கும் அப்பால் மூன்றாவது பொருளொன்று இவ்வாறு பிறந்தது எனலாம்.

கடல்கடந்த இங்கிலாந்தில் இவ்விசைத்தட்டுகளை ஆர்வத்தோடு தேடிச் சேர்த்தவர்கள் வெள்ளையின இளைஞர்கள். 1961 இல் டாட்போர்ட் புகையிரத நிலையத்தில் மிக் ஜாகரும் கீத் றிச்சர்ட்சும் மீண்டும் நட்புக்கொள்ளக் காரணமாயிருந்தவை ஜாகரின் கையிலிருந்த சக் பெரி, மடி வோட்டர்ஸ் ஆகியோரின் இசைத்தட்டுகளே. மறு ஆண்டு பிறையன் ஜோன்ஸ் ஒன்றுதிரட்டிய குழுவில் இருவரும் இணைந்தனர். இலண்டன் மார்க்கீ கழகத்தில் நிகழவிருந்த கச்சேரியை அறிவிப்பதற்கு ஜோன்ஸ் பத்திரிகை ஒன்றுக்குத் தொலைபேசியிற் பேசினார். குழுவின் பெயர் யாதென மறுமுனையிலிருந்தவர் வினவினார். பெயர் எதுவும் இருக்கவில்லை. தரையிற் கிடந்த மடி வோட்டர்ஸின் இசைத்தட்டு உறை கண்ணிற்பட்டது. அதிலிருந்த பாடலொன்றின் பெயரையே அவர் சொல்லிவிட்டார். இது றிச்சர்ட்ஸ் கூறிவரும் வரலாறு. 1962 யூலை 12 ஆம் நாள் அப்பெயரில் முதற் கச்சேரி நிகழ்ந்தது.

தொடக்கத்தில் அப்பெயர் 'றோலின்' என்றே எழுதப்பட்டது. 1963 இல் முகாமையாளராய் வந்த அன்ட்ரூ ஓல்டம், ஈற்றிலே விடுபட்டிருந்த எழுத்தைச் சேர்த்து 'றோலிங்' ஆக்கினார். இது சிறு திருத்தமாகத் தோன்றலாம். ஆயினும் விடுபட்ட அவ்வெழுத்து ஒரு பேச்சுமொழியின் அடையாளம். மிசிசிப்பித் தோட்டத்தின் நாவிற் பிறந்த சொல், இலண்டன் வணிகத்தின் கையிற் பள்ளிக்கூட இலக்கணத்துக்கு அமைந்த சொல்லாயிற்று.

பெயரின் கதை இவ்வாறிருக்க, இலச்சினையின் கதையும் நோக்கற்பாலது. 1970 இல் குழுவினர் தமக்கெனத் தனி இசைத்தட்டு நிறுவனமொன்றைத் தொடங்க முனைந்தபோது, றோயல் கலைக் கல்லூரி மாணவராயிருந்த ஜோன் பாஷ் என்பவரிடம் சின்னம் வரையும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. மூலைக்கடை ஒன்றிற் கண்டெடுத்த காளியின் படத்தை ஜாகர் அவருக்குக் காட்டினார். நீண்டு தொங்கிய நாக்கு பாஷின் மனத்திற் பதிந்தது. திறந்த வாயும் நீட்டிய நாக்குமாய் அவர் வரைந்த செந்நிற ஓவியம், 1971 இல் வெளியான 'ஸ்ரிக்கி பிங்கர்ஸ்' இசைத்தட்டோடு உலகுக்கு அறிமுகமாயிற்று. அவ்வுறையின் மூலக்கருத்து அன்டி வோர்ஹோலுடையது. ஆதலாற் சின்னத்தையும் அவரே வரைந்தாரெனப் பலர் நெடுங்காலம் எண்ணினர்.

காளியின் நாக்குக்கு நம்மிடையே பொருள் உண்டு. நிலத்தில் விழும் ஒவ்வொரு துளி இரத்தத்திலிருந்தும் புதிதாய் எழுந்த இரத்தபீசனை அழிக்க, அவ்விரத்தம் மண்ணைத் தொடுமுன் காளி பருகினாளெனத் தேவி மாகாத்மியம் கூறும். சிவனை மிதித்துவிட்ட நாணத்தால் அவள் நாக்கைக் கடித்தாள் என்பது வங்காள மரபு. பாஷின் கையில் அது அதிகாரத்தை எள்ளும் குறும்பாகவும் காமக்குறிப்பாகவும் மாறியது. தெய்வத்தின் முகம் கழிய நாக்கு மட்டும் எஞ்சிற்று.

இச்சின்னத்துக்காக அம்மாணவர் பெற்ற ஊதியம் 50 பவுண். 1972 இல் மேலும் 200 பவுண் கொடுக்கப்பட்டது. பின்னர் உரிமப்பங்கு பெற்றுவந்த அவர், பதிப்புரிமையைக் குழுவின் நிறுவனத்துக்கே விற்றார். 2008 இல் அவர் வரைந்த மூல ஓவியத்தை இலண்டன் விக்ரோறியா அல்பேட் அரும்பொருளகம் ஏறத்தாழ 50,000 பவுணுக்கு வாங்கியது. பிந்தியேனும் ஓவியனின் கைக்கு விலை கிடைத்தது. பாடகனின் சொல்லுக்கு என்ன கிடைத்தது?

குழுவினர் நன்றி மறந்தவர் என்று கூறுவது நேர்மையாகாது. 1964 இல் அவர்கள் செஸ் நிறுவனக் கலையகத்தைத் தேடிச் சென்று ஒலிப்பதிவு செய்தனர். 1965 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியிற் தோன்றியபோது, கறுப்பினப் பாடகரான ஹௌலின் வூல்ப் தம்முடன் தோன்றவேண்டுமென வற்புறுத்தினர். 1981 இல் சிக்காகோவின் சிறிய மண்டபமொன்றில் மடி வோட்டர்ஸோடு ஒரே மேடையிற் பாடினர். அக்குழுவின் வழியாகவே அவரை அறிந்த வெள்ளையின இளைஞர் பலர். எனினும் புகழ் பகிர்தல் வேறு, பொருள் பகிர்தல் வேறு. தம் பாடல்களுக்குரிய வருவாய் முறையாகக் கிட்டவில்லையென 1976 இல் மடி வோட்டர்ஸ் தம் பதிப்புரிமை நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுக்க நேர்ந்தது. அவரைச் சுரண்டியது அவரது பாடல்மீது காதல்கொண்ட இளைஞரல்லர். அப்பாடலைச் சரக்காக்கிய அமைப்பே. ஆனால் அவ்வமைப்பு அவ்விளைஞருக்கு அளித்த செல்வத்தை அவருக்கு அளிக்கவில்லை என்பதும் உண்மை.

1983 இல் மடி வோட்டர்ஸ் மறைந்தார். அந்தச் செந்நாக்கு இன்றும் உலகெங்கும் இளைஞரின் மேலாடைகளிற் சிரிக்கின்றது. உருண்ட கல்லிற் பாசி பிடித்ததுதான். அப்பாசி கல்லை முதலில் உருட்டியவனின் வாசலில் மட்டும் போதியளவு சேரவில்லை.