எழுந்து சென்றவர்களும் இருந்து பார்த்தவர்களும்

2012 ஆம் ஆண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவிலிருந்து வந்த இரு செய்திகள் இன்னும் என் நினைவில் உள்ளன. மெக்சிக்கோ இயக்குநர் கார்லோஸ் ரெய்காடாஸின் 'போஸ்ட் டெனெப்ராஸ் லக்ஸ்' என்ற திரைப்படம், பத்திரிகையாளருக்கான காட்சியில் கேலிக் கூச்சலுக்கு ஆளானது என்பது முதற் செய்தி. இத்தாலிய இயக்குநர் நன்னி மொரெட்டி தலைமையிலான நடுவர் குழு, சிறந்த இயக்குநருக்கான விருதை அதே படத்துக்காக அதே ரெய்காடாஸுக்கு வழங்கியது என்பது சில நாட்களின் பின் வந்த இரண்டாவது செய்தி.

பத்திரிகைக்காரனுக்கு இத்தகைய முரண் கரும்பு. தலைப்பு தானாகவே அமைந்துவிடும். "பார்வையாளர் இரு கூறாகப் பிளவுபட்டனர்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடலாம். நானும் அப்படி எத்தனையோ வரிகளை எழுதியவன்தான். ஆனால் ஒரே படத்தைப் பார்த்தவர்கள் ஏன் அவ்வாறு பிளவுபடுகிறார்கள் என்ற கேள்வி, அந்த வரிக்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

கானில் இது புதுமையன்று. 1960 இல் அந்தோனியோனியின் 'லவெந்தூரா' அங்கே எள்ளி நகையாடப்பட்டது. மறுநாளே ரொஸலினி உள்ளிட்ட கலைஞர்களும் விமர்சகர்களும் அப்படத்துக்கு ஆதரவாக அறிக்கை வெளியிட்டார்கள். அவ்விழாவிலேயே அதற்கு நடுவர் பரிசும் கிடைத்தது. 1987 இல் தங்கப்பனை விருதைப் பெற மேடையேறிய மொரிஸ் பியாலா, தம்மை நோக்கி எழுந்த கூச்சலுக்கு முட்டியை உயர்த்திக் காட்டி, உங்களுக்கு என்னைப் பிடிக்காவிட்டால் எனக்கும் உங்களைப் பிடிக்காது என்ற பொருள்படப் பதிலளித்தார்.

ரெய்காடாஸின் படத்தை நான் பார்த்தது சில ஆண்டுகள் கழித்துத்தான். நண்பர் ஒருவரின் வீட்டு முன்னறையில், சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் இறுவட்டு மூலம் பார்த்தோம். நாங்கள் அறுவர். அதற்கு முந்திய மாதம் அதே இயக்குநரின் 'மௌன ஒளி' (2007) படத்தை அங்கே பார்த்து வியந்திருந்தோம். மெக்சிக்கோவின் சிகுவாகுவா மாநிலத்தில் வாழும் மெனோனைட் கிறிஸ்தவ சமூகத்தைப் பற்றிய அப்படம், அவர்கள் பேசும் பழைய ஜெர்மானியக் கிளைமொழியிலேயே எடுக்கப்பட்டது. நட்சத்திர வானம் மெல்ல மெல்ல விடியலாக மாறுவதை வெட்டின்றிப் பல நிமிடங்கள் காட்டும் தொடக்கம் அதற்குண்டு. அந்த மெதுவான நடை எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆகவே மெதுவான படம் என்பதற்காக எவரும் எழுந்து போகமாட்டார்கள் என்றுதான் நம்பியிருந்தோம்.

படத்தின் பெயர் ஓர் இலத்தீன் சொற்றொடர். 'இருளுக்குப் பின் ஒளி' என்பது பொருள். பைபிளின் யோபு நூலில் வேர் கொண்ட இச்சொற்றொடர், ஜெனீவாவின் கிறிஸ்தவச் சீர்திருத்தக்காரர்களுக்கு முழக்கமாகவும் விளங்கியது. ஆனால் படம் ஆரம்பிப்பது ஒளியிலிருந்து இருளை நோக்கி. சேறும் நீரும் தேங்கிய வெளியில் ஒரு சின்னஞ்சிறு பெண்குழந்தை தன்னந்தனியே நடக்கிறாள். பசுக்களையும் நாய்களையும் கூவி அழைக்கிறாள். பொழுது சாய்கிறது. இடி முழங்குகிறது. குழந்தையின் முகம் மின்னல் வெட்டும்போது மட்டும் தெரிகிறது. பெரியவர் ஒருவரும் வரவில்லை. அக்குழந்தை இயக்குநரின் சொந்த மகள். திரையின் ஓரங்கள் கலங்கி, உருவங்கள் அங்கே இரட்டிப்பாகத் தெரிகின்றன. ஒளிப்பதிவாளர் அலெக்சிஸ் ஸபே, வெளிப்புறக் காட்சிகளுக்கென விசேட வில்லை ஒன்றைப் பயன்படுத்தியதன் விளைவு அது.

அடுத்த காட்சியில், இரவில், செந்நிறமாக ஒளிரும் சாத்தான் ஒன்று கையில் ஆயுதப்பெட்டியுடன், வேலைக்கு வந்த தச்சனைப் போல, ஒரு வீட்டுக்குள் நுழைகிறது. சிறுவன் ஒருவன் விழித்துப் பார்க்கிறான். சாத்தான் ஏன் வந்தது, எங்கே போனது என்பதற்கு விளக்கமில்லை. எங்களுள் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். இன்னொருவர் அவரை அடக்கினார். பிளவு அங்கேயே தொடங்கிவிட்டது.

கதை என்று சொல்லக்கூடியது மிகச் சுருக்கமானது. ஹுவான் என்ற வசதி படைத்தவர், மனைவி நத்தாலியாவுடனும் இரு குழந்தைகளுடனும் நகரத்தை விட்டு மலைப்புறக் கிராமமொன்றில் பெரிய வீடு கட்டி வாழ்கிறார். 'ஏழு' என்ற பட்டப்பெயர் கொண்ட உள்ளூர்த் தொழிலாளி ஒருவர் அவருக்கு வேலை செய்கிறார். கடைசியில் அவரே அந்த வீட்டில் திருட முனைந்து, எதிர்ப்பட்ட ஹுவானைச் சுட்டுவிடுகிறார். இந்த மெல்லிய நூலுக்கிடையே பிரெஞ்சு மொழி பேசுகின்ற ஒரு நீராவிக் குளியலகத்தில் நிர்வாண உடல்கள், ஹெகல், டுஷாம்ப் என்று பெயரிடப்பட்ட அறைகள், றகர் ஆடும் ஆங்கிலேய மாணவர்கள், யாரும் காணாமல் சாயும் காட்டு மரங்கள் எல்லாம் வருகின்றன. குழந்தைகள் திடீரென வளர்ந்துவிடுகிறார்கள். பின்னர் மறுபடியும் சிறியவர்களாகிறார்கள்.

இரண்டு பேர் இடையில் எழுந்து சென்றார்கள். ஒருவர் குளியலகக் காட்சியில் போனார். அதை நான் எதிர்பார்த்தேன். மற்றவர் போனது அதற்கு முன்பே, ஹுவான் தமது நாயை வெறி கொண்டு அடிக்கும் காட்சியில். அறுவரில் அதிகம் படம் பார்த்தவர் அவர்தான். முற்றத்தில் நின்று புகைத்துக்கொண்டிருந்த அவரிடம் பின்னர் காரணம் கேட்டேன். "சலித்து வரவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கதிரையில் இருக்க என்னால் முடியவில்லை. அதையும் இரசித்துவிட்டு வசனம் பேசுவது எனக்கு வராது" என்றார்.

எழுந்து போகிறவர் எல்லோரும் கலை அறியாதவர் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய அகந்தை என்பதை அப்போது உணர்ந்தேன். அவர் பொறுமையிழந்து வெளியேறவில்லை. படம் தம்மிடம் கேட்டதைத் தெளிவாக விளங்கிக்கொண்டு, தர மறுத்துவிட்டு வந்திருந்தார்.

படம் முடிந்தபின் எழுந்த விவாதம் நள்ளிரவு வரை நீடித்தது. இறுதிவரை இருந்த நண்பர் ஒருவரே அதிகம் கோபப்பட்டார். பணக்கார இயக்குநர் தமது சொந்த வீட்டையும் சொந்தப் பிள்ளைகளையும் படம் பிடித்துவிட்டு, சுற்றியுள்ள ஏழைகளைக் காட்சிப்பொருளாக நிறுத்தியிருக்கிறார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. சாத்தானும் மங்கிய வில்லையும் அந்த வெறுமையை மூடும் பட்டுத்துணி என்றார். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ரெய்காடாஸ் தொழில்முறை சாராத மனிதர்களையே பெரும்பாலும் நடிக்க வைப்பவர். 2005 இல் வெளிவந்த 'வானுலகப் போர்' படத்திலும், அத்தகையவர்களைப் பாலுறவுக் காட்சிகளில் பயன்படுத்தியமைக்காகக் கண்டிக்கப்பட்டார்.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர் ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்காட்டினார். குடியிலிருந்து மீள முயலும் கிராமத்தவர்கள் தகரக் கொட்டகையொன்றில் கூடித் தத்தம் கதையைச் சொல்கிறார்கள். ஹுவானும் அங்கே போகிறார். பின்னர் 'ஏழு'விடம் தாமும் ஓர் அடிமைதான், இணையத்து ஆபாசப் படங்களுக்கு அடிமை என்று மனம் திறக்கிறார். எசமானும் வேலையாளும் அந்த ஒரு கணம் சமமானவர்கள் போலத் தோன்றுகிறார்கள். ஆனால் ஒருவரின் வீட்டைத் திருத்துவதற்குத்தான் மற்றவர் கூலி பெறுகிறார். "இயக்குநர் தம்மைத்தாமே குற்றக்கூண்டில் ஏற்றியிருக்கிறார். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?" என்று நண்பர் கேட்டார். எதிராளி பதில் சொல்லவில்லை, உடன்படவும் இல்லை.

என்னுடைய தீர்ப்பு என்ன என்று கேட்டார்கள். நான் தயங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அதை இதுவரை எழுதியதில்லை.

எண்பதுகளில் ஒரு மாலை, கொழும்பில் வெளிநாட்டுக் கலாசார நிலையமொன்றில் ஐரோப்பியத் திரைப்படம் ஒன்றைப் பார்க்க அனுப்பப்பட்டேன். நாற்பது நிமிடங்களாகியும் ஒன்றும் நடக்கவில்லை. பக்கம் முடிக்க வேண்டிய அவசரம் வேறு. எழுந்து அலுவலகம் திரும்பி, மந்தமான படம், பார்வையாளரைச் சோதிக்கும் படம் என்று இருநூறு சொற்கள் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து எனக்கு அஞ்சலட்டை ஒன்று வந்தது. அதில் வசையில்லை, வாதமில்லை. "ஐயா, தாங்கள் இறுதிவரை இருந்தீர்களா?" என்ற ஒரே கேள்வி மட்டும் இருந்தது. நான் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் பொய் சொல்லியிருக்க வேண்டும், அல்லது என் பெயரில் வெளிவந்த விமர்சனத்தை மீளப் பெற்றிருக்க வேண்டும்.

முற்றத்தில் நின்ற நண்பருக்கும் எனக்கும் இடையிலுள்ள வேறுபாடு அதுதான். அவரும் எழுந்து போனவர். நானும் எழுந்து போனவன். அவர் தாம் பார்க்காத பகுதியைப் பற்றி விவாதத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானோ முழுப் படத்துக்கும் தீர்ப்பு எழுதினேன். மெதுவான திரைப்படம் நம்மிடம் கேட்பது நேரத்தைத்தான். அதைக் கொடுக்க மறுப்பது பார்வையாளரின் உரிமை. கொடுத்துவிட்டேன் என்பதற்காகப் புகழ வேண்டிய கடனுமில்லை. கானில் கூச்சலிட்டவர்களிலும் கடைசிவரை அமர்ந்திருந்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் கொடுக்காத நேரத்தைக் கொடுத்ததாகக் காட்டி எழுதுவதற்கு எவருக்கும் உரிமை கிடையாது.

ஆகவே அன்றிரவு சொன்னதையே இங்கும் சொல்கிறேன். றகர் காட்சி எதற்கென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. குளியலகக் காட்சி அதிர்ச்சிக்காகவே வைக்கப்பட்டது என்று நினைக்கிறேன். 'ஏழு' வெட்டவெளியில் நின்று தன் தலையைத் தானே பிடுங்கியெறியும் காட்சி என்னை உலுக்கவில்லை. ஆனால் மரணப் படுக்கையில் கிடக்கும் கணவனுக்காக, நத்தாலியா பியானோவின் முன் அமர்ந்து, தேர்ச்சியற்ற குரலில் நீல் யங்கின் பாடலொன்றைத் தடுமாறித் தடுமாறிப் பாடும்போது என் கண்கள் கலங்கின. முந்திய ஒன்றரை மணித்தியாலத்தைக் கடந்து வராமல் அந்தக் குரல் எனக்கு அப்படிக் கேட்டிருக்காது.

இறுதிவரை இருந்தேன். அஞ்சலட்டை எழுதிய அந்த வாசகர் எங்கிருந்தாலும், மிகத் தாமதமாக, வேறொரு படத்தைப் பற்றியாவது, இதை அவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.