வீரன் விட்டுச் சென்ற காலம்

கோடை விடுமுறையில் ஒருநாள் என் பேரன் சுவரில் பெரிய தாளொன்றை ஒட்டி, ஆறு கிளை பிரிவதுபோலக் கோடுகள் வரைந்துகொண்டிருந்தான். சரித்திரப் பாடம் என்றெண்ணி மகிழ்ந்து, "எந்த ராஜ வம்சமடா இது?" என்று கேட்டேன்.

"வம்சம் இல்லை தாத்தா, செல்டா!" என்றான்.

ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனம் 1986ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வரும் வீடியோ விளையாட்டு வரிசை அது. லிங்க் என்னும் வீரனும் செல்டா என்னும் இளவரசியும் அதில் மீண்டும் மீண்டும் தோன்றுகிறார்கள். ஆயினும் ஒரு கதை மற்றொன்றோடு பொருந்துவதில்லை. ஒன்றில் காடும் மலையுமாய் விளங்கும் ஹைரூல் நாடு, இன்னொன்றில் கடலுக்கடியில் கிடக்கிறது! எது முன், எது பின் என்று ரசிகர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். 2011 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த 'ஹைரூல் ஹிஸ்டோரியா' என்னும் நூலே அந்த வரிசையைத் தெளிவாக்கியது.

முடிச்சு இருப்பது 1998இல் வந்த 'ஒகரினா ஆஃப் டைம்' கதையில். சிறுவன் லிங்க் மந்திர வாளை உருவியதும் 7 ஆண்டுகள் உறங்கி, இளைஞனாய் விழித்து, கானன்டார்ஃப் என்னும் கொடியவனோடு பொருதுகிறான். அங்கே காலம் மூன்றாகப் பிரிகிறது. வீரன் தோற்றான் என்று கொண்டால் ஒரு கிளை. 1986இன் முதல் கதை அதில்தான் அடங்கும். வென்றானாயின், இழந்த பிள்ளைப் பருவத்தை வாழும்படி இளவரசி அவனைப் பழைய காலத்துக்கே அனுப்பிவிடுகிறாள். அவன் திரும்பிச் சென்ற காலம் இரண்டாம் கிளை. விட்டுச் சென்ற காலம் மூன்றாம் கிளை.

"அவன்தான் போய்விட்டானே! பிறகு அந்தக் காலம் ஏது?" என்றேன்.

"அவன் போனால் அது நின்றுவிடுமா தாத்தா? அங்கே இருக்கிறவர்களுக்கு மறுநாள் விடியாதா?"

விடிந்ததாம். கொடியவன் மீண்டும் எழுந்தான். மக்கள் வீரனை எதிர்பார்த்தார்கள், அவன் வரவில்லை. தெய்வங்கள் நாட்டையே வெள்ளத்தில் ஆழ்த்தின. அந்தக் கடல்மீது நிகழ்வதே 2002இல் வந்த 'விண்ட் வேக்கர்'.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1971இல் மும்பைக்கு ரயிலேறினேன். நான் ஏறிய கணத்திலேயே ஊர் நின்றுவிட்டதாக என் உள்ளம் கொண்டிருந்தது போலும். போகும்போதெல்லாம் கிணற்றைத் தூர்த்ததற்கும் திண்ணையை இடித்ததற்கும் தம்பியைக் கடிந்துகொண்டேன். ஒழுகும் வீட்டை விற்றுவிடலாம் என்று அவன் சொன்னபோது, "இருந்தபடியே இருக்கட்டும்" என்று மறுத்தேன். இரண்டு ஆண்டுகளாகப் பேச்சே குறைந்துபோயிற்று. மழை பொய்த்த ஆண்டுகளில் அங்கே விதைத்தவன் அவன்; அம்மாவின் கடைசி நாட்களில் கஞ்சி புகட்டியவனும் அவன். குடும்பக் கதையை நான் சொல்லும்போதோ, அதில் என் பயணம் ஒன்றே இருந்தது.

ஊரைவிட்டு வந்த நம்மில் பலரும் இப்படித்தான் சொல்லி வருகிறோமோ, என்னவோ!

மறுநாள் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். வீட்டைப் பற்றிப் பேசவில்லை. "நான் வந்த பிறகு அங்கே என்னவெல்லாம் நடந்தது? முதலிலிருந்து சொல்லு" என்றேன்.

சற்று நேரம் மௌனம். பிறகு, "இதைக் கேட்க இத்தனை வருஷமாச்சா அண்ணா?" என்றான்.

அவன் சொல்லத் தொடங்கினான். குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.