கூட்டணி மாறும் கல்லூரி அணிகள்

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது விளையாட்டுக் காரியம் அல்ல. சனிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேர் கூடும் மைதானங்கள் அங்கே இருக்கின்றன. (இங்கே ஃபுட்பால் என்பது அமெரிக்கன் ஃபுட்பால்.) அணிகள் கான்ஃபரன்ஸ் எனப்படும் குழுக்களாகப் பிரிந்திருக்கும். ஒரு அணி யாரோடு ஆடும், எந்த டிவியில் தெரியும், எவ்வளவு பணம் வரும், எப்படிப்பட்ட வீரர்கள் வந்து சேர்வார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் அதன் கான்ஃபரன்ஸைப் பொறுத்தது.

முன்பெல்லாம் அக்கம்பக்கத்து மாநிலங்கள் சேர்ந்ததுதான் கான்ஃபரன்ஸ். 1984-ல் வந்த ஒரு தீர்ப்பு இதை மாற்றியது. அதுவரை எந்த ஃபுட்பால் ஆட்டம் டிவியில் வரலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. என்ற தலைமை அமைப்பே முடிவு செய்து வந்தது. அது செல்லாது என்றது உச்சநீதிமன்றம். பிறகு அவரவர் ஆட்டத்தை அவரவரே விற்கலாம் என்றானது. நல்ல விலை வேண்டுமென்றால் பெரிய பெயர்கள் கைவசம் இருக்க வேண்டும். கூட்டணி பேரம் தொடங்கிவிட்டது!

2021-ல் டெக்சாஸும் ஓக்லஹோமாவும் எஸ்.இ.சி.க்குப் போவதாக அறிவித்தன. 2022-ல் கலிஃபோர்னியாவின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென் பக்கம் சாய்ந்தன. 2023 கோடை முடிவதற்குள், 1915-ல் வேர்விட்ட பேக்-12 கான்ஃபரன்ஸில் மிஞ்சியவை இரண்டே அணிகள்: ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட்.

சரி, இதனால் போட்டியின் தரம் உயர்ந்ததா, தாழ்ந்ததா?

இடம் மாறிய அணிகளைப் பார்த்தால் உயர்ந்தது என்றே தோன்றும். 2024-ல், முதல் வருடத்திலேயே, ஆரிகன் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பிக் டென் பட்டத்தை வென்றது. டெக்சாஸ் எஸ்.இ.சி. இறுதிப்போட்டி வரை போனது. பிக் 12-ல் கடைசி இடம்தான் என்று கணிக்கப்பட்ட அரிசோனா ஸ்டேட் அங்கே சாம்பியன் ஆனது.

விடப்பட்ட அணிகளின் கதை வேறு. அதே 2024-ல் வாஷிங்டன் ஸ்டேட் முதல் ஒன்பது ஆட்டங்களில் எட்டை வென்றது. சீசன் முடிவில் பயிற்சியாளர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆட்டத்தை நடத்திய குவார்ட்டர்பேக் ஓக்லஹோமாவுக்குப் போனார். வீரர்கள் கல்லூரி மாறுவது இப்போது சுலபம் என்பதால் எல்லாப் பழியையும் கான்ஃபரன்ஸ் மீது போட முடியாது. ஆனாலும் ஆள் போகும் திசையைக் கவனியுங்கள்.

பாஸ்கெட்பாலில் இந்தப் பாடத்தை முன்பே படித்தது கனெக்டிகட் பல்கலைக்கழகம். அதன் பழைய வீடு பிக் ஈஸ்ட். ஃபுட்பால் பணத்தைத் தேடிப் பல அணிகள் வெளியேற, ஃபுட்பாலை நம்பாத ஏழு கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் 2013-ல் பிக் ஈஸ்ட் பெயரை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டன. ஃபுட்பால் அணி வைத்திருந்த கனெக்டிகட்டுக்குப் பெரிய கான்ஃபரன்ஸ் எதிலும் இடம் கிடைக்கவில்லை. அமெரிக்கன் அத்லெட்டிக் என்ற புதுக் குழுவில் தங்கியது.

2014-ல் ஆண்கள் அணி தேசியப் பட்டம் வென்றது என்னவோ உண்மைதான். ஆனால் 2017 முதல் 2019 வரை தொடர்ந்து மூன்று சீசன்களில் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். பெண்கள் அணிக்கோ நேர்மாறான அவஸ்தை. ஏழு வருடங்களில் அந்தக் கான்ஃபரன்ஸ் அணிகளோடு ஆடிய 139 ஆட்டங்களில் 139 வெற்றி. தோற்கவே வழியில்லாத இடத்தில் என்ன போட்டி?

2019-ல் கனெக்டிகட் ஒரு முடிவெடுத்தது. ஃபுட்பால் எந்தக் கான்ஃபரன்ஸும் இல்லாமல் தனியாக நிற்கட்டும், பாஸ்கெட்பால் பழைய வீட்டுக்குத் திரும்பட்டும் என்று. ஆண்கள் அணி 2023, 2024 என அடுத்தடுத்துத் தேசியப் பட்டம் வென்றது. பயிற்சியாளர் டான் ஹர்லியின் உழைப்பு இதில் பெரிது. ஆனால் பழைய எதிரிகளோடு வாரந்தோறும் மோதும் அணியில் சேர வீரர்களுக்கும் ஆசை வரும்தானே.

எல்லோருக்கும் அப்படித் திரும்பிப் போக ஒரு வீடு இல்லை. 2025 தேசியப் பாஸ்கெட்பால் போட்டிக்கு எஸ்.இ.சி.யின் 16 அணிகளில் 14 தகுதி பெற்றன. கடைசிப் பதினாறுக்கு வந்த அத்தனை அணிகளும் நான்கு பெரிய கான்ஃபரன்ஸ்களைச் சேர்ந்தவை. எங்கிருந்தோ வந்து பெரிய தலைகளைச் சாய்க்கும் சின்னக் கல்லூரிகளுக்காகவே அந்தப் போட்டியைப் பார்ப்பவர்கள் ஏராளம். அந்த வருடம் கடைசிப் பதினாறில் அப்படி ஒரு கல்லூரியும் இல்லை.

மேல்தட்டில் போட்டி கடுமையாகியிருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தட்டுக்கு ஏறும் படி குறுகிக்கொண்டே போகிறது. ஜெயித்தாலும் ஏற முடியாது என்று தெரிந்த பிறகு கீழே இருப்பவன் எதற்காக ஆடுவான்?