தங்க மயிலும் பாதியில் எழுந்த நாங்களும்

2023-ஆம் ஆண்டு நவம்பர் 20 முதல் 28 வரை கோவாவில் இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழா 54-ஆம் முறையாக நடைபெற்றது. அதனைக் காணும் ஆவலுடன் மும்பையிலிருந்து நண்பர்கள் நால்வர் புறப்பட்டோம். “படம் பார்க்க விடுப்பு எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டுமா?” என்று இல்லத்தார் வினவினர். தக்க விடை கூற இயலாமலேயே வண்டி ஏறினோம்.

கொங்கண் இருப்புப் பாதையின் அழகை அன்பர்கள் அறிவார்கள். மலையும் ஆறும் மாறி மாறி வர, ஆறரைக் கிலோமீட்டர் நீளமுள்ள கர்புடே சுரங்கத்தையும் கடந்து, கர்மலி நிலையத்தில் இறங்கிப் பணஜி நகரை அடைந்தோம். மாண்டவி ஆற்றங்கரை விழாக்கோலம் பூண்டிருந்தது.

இவ்விழாவுக்கும் நமது நகருக்கும் பழைய உறவு உண்டு. முதல் விழா 1952-ஆம் ஆண்டு சனவரி 24-ஆம் நாள் மும்பையில்தான் தொடங்கியது. பின்னர் சென்னைக்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் சென்றது. அப்பொழுது போட்டி கிடையாது. 1965-இல் தில்லியில் நடந்த விழாவில்தான் போட்டி ஏற்பட்டது. சத்யஜித் ரே தலைமையில் அமைந்த நடுவர் குழு, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய ‘கம்பெரலிய’ என்னும் சிங்களப் படத்திற்குத் தங்க மயிலை வழங்கியது. கிராமத்துப் பெருங்குடும்பம் ஒன்றின் தாழ்வைக் கூறும் கதை அது. சிறியதொரு தீவின் மொழியில், ஆரவாரமின்றிச் சொல்லப்பட்ட கதை முதற்பரிசு பெற்றது நினைக்கத்தக்கது. 2004 முதல் விழா கோவாவில் நடைபெற்று வருகிறது.

நாங்கள் சென்ற ஆண்டில் போட்டிக்கு வந்தவை 15 படங்கள். அவற்றுள் மூன்று இந்தியப் படங்கள். சேகர் கபூர் நடுவர் குழுத் தலைவர். தங்க மயிலுடன் வழங்கப்படும் 40 இலட்சம் ரூபாயை இயக்குநரும் தயாரிப்பாளரும் சமமாகப் பகிர்ந்து கொள்வர். சிறந்த இயக்குநருக்கும் நடிகர் நடிகையருக்கும் வெள்ளி மயில்.

இனி, எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். ஒரு பிற்பகல், அப்பாஸ் அமினி இயக்கிய ‘முடிவில்லா எல்லைகள்’ என்னும் ஈரானியப் படத்திற்குச் சென்றோம். ஆப்கன் எல்லையை அடுத்த சிற்றூருக்கு அனுப்பப்பட்ட ஓர் ஆசிரியர், தாலிபான்கள் மீண்டும் ஆட்சிக்கு வந்தபின் எல்லை தாண்டி ஓடிவந்த ஹசாரா மக்கள், இவர்களே கதைமாந்தர். படம் மெல்ல நகர்ந்தது. திரையின் அடியில் ஓடிய எழுத்தைப் படித்துப் படித்துக் கண் சோர்ந்தது. இடைவேளையில் தேநீர் அருந்தலாம் எனக் காத்திருந்தோம். விழாப் படங்களுக்கு இடைவேளை இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. ஆற்றங்கரை விளக்கலங்காரத்தையாவது காண்போம் என்று நால்வரும் பாதியில் எழுந்து வந்துவிட்டோம்.

ஊர் திரும்பிய பின் 29-ஆம் நாள் நாளிதழைப் பிரித்தோம். அந்தப் படத்திற்கே தங்க மயில்! அதில் ஆசிரியராக நடித்த பூரியா ரஹீமி சாமுக்குச் சிறந்த நடிகருக்கான வெள்ளி மயில்! ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நாணினோம்.

பரிசு பெற்றதனால்தான் அப்படம் உயர்ந்தது என்று நாங்கள் கருதவில்லை. எங்களை வருத்தியது வேறு. பிறந்த மண்ணை விட்டு அயலூரில் ஒண்டிக்கொள்ள வந்தவர்களின் கதை அது. நம் தாத்தாமார் பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்தபோது, அவர்கள் மொழியை அறியாத அண்டை வீட்டார் சிலர் பொறுமையுடன் காது கொடுத்தனர்; அதனாலன்றோ நாம் இங்கு வேரூன்றினோம்? அத்தகைய பொறுமையை இரண்டு மணி நேரம் காட்ட எங்களால் இயலாமற் போயிற்று.

நடுவர்களின் தலையாய கடமை, ஒவ்வொரு படத்தையும் இறுதிவரை அமர்ந்து காண்பதே அன்றோ? பார்ப்பவர்க்கும் அது பொருந்தும். இல்லத்தார் கேட்ட கேள்விக்கு இப்பொழுது விடை கிடைத்துவிட்டது: அறியாத மொழியில் ஒருவர் தம் துயரைச் சொல்லும்போது, எழுந்து போகாமல் கேட்கப் பழகுவதற்காகவே அவ்வளவு தூரம் போக வேண்டும். மறுமுறை பிள்ளைகளையும் அழைத்துச் செல்வோம். அரங்கில் விளக்கு எரியும் வரை அமர்ந்திருப்போம்.