பையனுக்கா மேடம்?

ரிச்சி தெருவில் அந்தக் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி இதுதான். கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "பையனுக்கா மேடம்? என்ன படிக்கிறான்?" என்றார். எனக்குப் பையன் கிடையாது. பெண்ணும் கிடையாது. நானும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீடு எங்களுடையது. ஆனாலும், "ஆமாங்க, பன்னிரண்டாவது" என்றேன். இருபது ஆண்டுகளாகக் கவிதை எழுதுகிறேன். ஒரு வரிகூட இத்தனை சுலபமாக வந்ததில்லை.

அந்தக் கணினி 2014-இல் எங்கள் வீட்டுக்கு வந்தது. மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த தம்பி அப்போது பொறியியல் இறுதியாண்டு. ப்ராஜெக்ட் செய்ய வேண்டும் என்று அவன் கேட்க, அப்பா கடன் போட்டு வாங்கிக் கொடுத்தார். ஐ5 4460 பிராசசர், 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு. ப்ராஜெக்டுக்கு எதற்குக் கிராபிக்ஸ் கார்டு என்று அப்பாவுக்குத் தெரியாது. அன்று எனக்கும் தெரியாது.

அதே ஆண்டு, அதே வீட்டில், நான் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஓர் இயல் இற்செறிப்பு பற்றியது. தலைவியின் காதல் வெளியே தெரிய வந்ததும் அவளை வீட்டைவிட்டு வெளியே போகாதபடி காவலில் வைப்பதற்கு அகமரபில் அதுதான் பெயர். அந்த இயலைத் தட்டச்சு செய்யக் கணினியைக் கேட்டபோது, "நீ தமிழ்தானே, கடையில குடுத்து அடிச்சுக்கோ" என்றார் அப்பா. பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு டிடிபி கடையில் பக்கத்துக்கு இருபது ரூபாய் கொடுத்து, ஒவ்வொரு இயலுக்கும் பிழை திருத்த நாலைந்து முறை அலைந்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது தம்பியின் அறையிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்கும்.

தம்பி கனடாவுக்குப் போனான். அப்பா இறந்தார். கணினி பழைய புடவை ஒன்றால் மூடப்பட்டு மூலையில் கிடந்தது. 2020 ஊரடங்கில் இணைய வகுப்பு எடுப்பதற்காக அந்தப் புடவையை விலக்கினேன். ஒரு நாள் வகுப்பு முடிந்து, தம்பி விட்டுப்போன விளையாட்டுகளில் ஒன்றைத் திறந்தேன். 2013-இல் வந்த டூம்ப் ரெய்டர். லாரா என்ற பெண் மழையில் நனைந்தபடி ஒரு தீவில் தனியாக நின்றாள். அவள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை நான் தீர்மானிக்கலாம். அன்று தூங்க மணி மூன்றாகிவிட்டது.

அதன் பிறகு தள்ளுபடியில் ஹொரைசன் ஜீரோ டான் வாங்கினேன். தாய் யாரென்று தெரியாததால் பிறந்த உடனேயே குலத்திலிருந்து ஒதுக்கப்பட்ட ஏலாய் என்ற பெண், வில்லோடு உலகத்தைச் சுற்றிவருகிற விளையாட்டு அது. என் கணினியால் அதைத் தாங்க முடியவில்லை. குறைந்தபட்சம் 3 ஜிபி நினைவகமுள்ள கார்டு கேட்கும் விளையாட்டு. என்னிடம் இருந்தது 2 ஜிபி. ஏலாய் நாணை இழுத்து அம்பை விடுவதற்குள் இயந்திர விலங்கு வந்து முட்டித் தள்ளிவிடும்.

நான் கௌரவ விரிவுரையாளர். பெயரில் கௌரவம் உண்டு, மே மாதச் சம்பளம் கிடையாது. 2024 மே மாதம் கையில் இருந்தது விடைத்தாள் திருத்திய பணம் 12,000 ரூபாய். "மிக்ஸி ஜார் ஓடமாட்டேங்குதுன்னு ஆறு மாசமா சொல்றேன்" என்றார் அம்மா. யோசித்துப் பார்த்தேன். கிரைண்டர், வாஷிங் மெஷின், பிரிட்ஜ் என்று இதுவரை என் பணத்தில் வாங்கியதெல்லாம் என்னை வேலை வாங்குகிற பொருள்கள். 2019-இல் ஒன்றிய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். வீட்டுவேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். விளையாடுவதற்காக ஒரு பெண் பணம் செலவழிக்கலாமா என்ற கேள்வி, அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

பட்ஜெட் சிறியதென்றால், எந்த உறுப்பு மற்றவற்றை நிறுத்திவைக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடினேன். ஹார்ட் டிஸ்க் நூறு சதவீதத்தில் திணறியது. ரேம் நிரம்பி வழிந்தது. பிராசசர் மூச்சு வாங்கினாலும் விழவில்லை. அதை மாற்றினால் மதர்போர்டையும் ரேமையும் சேர்த்து மாற்ற வேண்டும். அது 12,000-இல் முடியாது. நான்காம் தலைமுறை பிராசசரை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரோடு முடியவிருந்தது என்பதும் அப்போதே தெரியும். அதனால் நாளை வேறு கணினி வாங்கினாலும் கழற்றி எடுத்துப்போகக்கூடிய எஸ்எஸ்டிக்கும் கார்டுக்கும்தான் பணத்தில் பெரும்பங்கு என்று முடிவு செய்தேன். ரேமுக்கு இருந்த இரண்டு இடங்களில் ஒன்று காலி. அதில் பழைய டிடிஆர்3 8 ஜிபி ஒன்றைச் செருகினால் போதும்.

கார்டாக நான் குறித்து வைத்திருந்தது பயன்படுத்திய ஜிடிஎக்ஸ் 1650. காரணம் எளிது. மதர்போர்டு ஸ்லாட் கார்டுக்கு 75 வாட் வரைதான் மின்சாரம் தரும். அதற்கு மேல் குடிக்கிற கார்டு என்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் வேண்டும். என்னுடையது பெட்டியோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ். அதில் அந்த வயர் இல்லை. 1650-இல் தனி வயர் கேட்காத மாடல்கள் நிறைய.

இத்தனையும் தெரிந்துதான் எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனேன். ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் பையனின் அம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கக் கூடாது. "1650 எதுக்கு மேடம்? ஆர்எக்ஸ் 570 இருக்கு. அதைவிட வேகம், விலையும் கம்மி. எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்?" என்றார் கடைக்காரர். 450 என்றேன். "தாராளமா போதும். பையன் மாட்டிக்குவான்ல?" வயர் பற்றிக் கேட்கக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் நான் யாரென்று தெரிந்துவிடும். 5,500 ரூபாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். எஸ்எஸ்டி 2,900, ரேம் 800, தெர்மல் பேஸ்ட் 150.

இரவு கூடத்தில் செய்தித்தாளை விரித்துக் கணினியைத் திறந்தேன். பத்து வருடத் தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளினேன். பிராசசர் மேலிருந்த பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. அதைத் துடைத்துப் புதியதை ஒரு பட்டாணி அளவு வைத்து, விசிறியின் நான்கு கால்களையும் டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். கடைசியில் கார்டு. எட்டு முனைச் செருகி வாய் திறந்து என்னைப் பார்த்தது. மாட்ட வயர் இல்லை. ஹார்ட் டிஸ்க் வயரிலிருந்து மின்சாரம் எடுக்கும் மாற்றுச் செருகிகள் உண்டுதான். மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் அவற்றைப் போட்டால் வயர் உருகிப்போகலாம். பெட்டியில் திரும்ப வைத்தேன்.

மறுநாள் அதே கடை. "பையன் மாட்டிப் பாத்தானா மேடம்?"

"பையன் இல்லைங்க. எனக்குத்தான். நான்தான் மாட்டிப் பார்த்தேன். என் எஸ்எம்பிஎஸ்ஸில் எட்டு முனை வயர் கிடையாது."

அவர் என் முடியைப் பார்த்தார். அதில் நரைத்தது பாதி. "நீங்களா கேம் ஆடுறீங்க?"

"ஆமாங்க."

"மொதல்லயே சொல்லியிருந்தா வயர் இருக்கான்னு கேட்டிருப்பேனே மேடம். பையன்னா அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்."

சண்டைக்குத் தயாராகப் போயிருந்த எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இல்லாத பையனை அவரும் நானும் சேர்ந்துதான் வளர்த்திருக்கிறோம். அவர் கேட்டது பழக்கத்தில். நான் ஒப்புக்கொண்டது கூச்சத்தில். நாற்பதைத் தாண்டிய பெண், முனைவர் பட்டம் பெற்றவள், விளையாடுகிறாள் என்று சொல்வதைவிட, ஒரு மகனுக்கு அம்மா என்று சொல்லிக்கொள்வது எனக்கு மரியாதையாக இருந்திருக்கிறது. வகுப்பில் இற்செறிப்பை நடத்துகிற நான், அந்தக் கடை வாசலில் என்னை நானே உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டேன்.

அவர் பழைய கார்டை 5,000-க்கு எடுத்துக்கொண்டார். 6,500-க்கு ஒரு 1650. இந்த முறை, "கடைக் கணினியில போட்டு இருபது நிமிஷம் ஓட்டிக் காட்டுங்க" என்றேன். விசிறி சீராகச் சுற்றுகிறதா, திரையில் கோடோ புள்ளியோ வருகிறதா, சூடு எங்கே போய் நிற்கிறது என்று நின்று பார்த்தேன். பக்கத்தில் கல்லூரிப் பையன் ஒருவன், "இதுல ஹொரைசன் ஓடுமா மேடம்?" என்று கேட்டான். மீடியத்தில் ஓடும் என்றேன்.

இரண்டு நாள் பயணச் செலவும் சேர்த்து 11,450 ரூபாய் ஆனது. மீதி 550-இல் மிக்ஸி ஜாருக்குப் பிளேடு மாற்றினேன்.

ஓடியது. என் பழைய திரை சிறியது, அதனால் கார்டுக்குச் சுமையும் குறைவு. இரவு பத்து மணி இருக்கும். அம்மா மறுநாளைக்குக் கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தார். திரையில் நிலா. ஏலாய் பனிச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"இந்நேரத்துல தனியா எங்கடி போறா அந்தப் பொண்ணு?"

"சும்மாதாம்மா. மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாக்கப் போறா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கீரைத் தட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்தார்.

"சரி, மெதுவா ஏறச் சொல்லு. வழுக்கும்."