மேடைக்கு வராத பாத்திரம்

கலைஞரின் கலையை மாத்திரம் போற்றி அமைவதா, அவர்தம் குடும்ப வாழ்க்கையையும் அரங்கேற்றிப் பார்ப்பதா என்பது பழைய வினாவேயாகும். வசந்தபாலன் 2014 ஆம் ஆண்டில் இயக்கிய 'காவியத் தலைவன்' படத்தைச் சண்டிலிப்பாயிலுள்ள எங்கள் வீட்டிற் குடும்பத்தோடு பார்த்த இரவில், அவ்வினா எங்கள் விறாந்தைக்கே வந்துவிட்டது.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கம்பனி வாழ்வை நினைவூட்டும் படம் அது. உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் பயிலும் என் பேத்தி, "அப்பு, இது உண்மையா நடந்த கதையோ?" என்று வினவினாள்.

"கதை வேறை, பிள்ளை. கிட்டப்பா, சுந்தராம்பாள் வாழ்க்கையின்ரை சாயல் இருக்கு" என்று கூறி, உண்மை வரலாற்றை விளக்கினேன்.

எஸ். ஜி. கிட்டப்பா 1906 இல் செங்கோட்டையிலும், கே. பி. சுந்தராம்பாள் 1908 இல் கொடுமுடியிலும் பிறந்தவர்கள். இருவரையும் இணைத்தது கொழும்பு நாடக மேடை. சுவாமிகள் யாத்த 'வள்ளி திருமணம்' இருவருக்கும் பெரும் புகழ் தந்தது. எங்கள் ஊர்ப்புறக் கோயில் வீதிகளிலும் விடிய விடிய ஆடப்பட்ட நாடகமல்லவா அது! 1927 இல் மாயவரத்தில் அவர்கள் மணம் புரிந்தனர். ஆனால், கிட்டப்பா முன்னரே மணமானவர்.

தெய்வானையை மணந்த முருகன் வள்ளியையும் மணந்ததும், மேடையில் மங்களம் பாடித் திரையை விட்டுவிடலாம். இல்லறத்தில் அவ்வாறு திரை விழுவதில்லை. பிணக்கும் பிரிவும் நேர்ந்தன. 1933 டிசெம்பர் 2 ஆம் நாள், 27 வயதிலேயே கிட்டப்பா காலமானார். 25 வயதுச் சுந்தராம்பாள் வெண்ணிற ஆடை பூண்டார்; அதன்பின் எந்த ஆடவருக்கும் இணையாக நடித்தாரல்லர். 1935 இல் வெளிவந்த நந்தனார் படத்தில் தாமே நந்தனாராக ஆண் வேடம் தாங்கினார்.

கேட்டிருந்த பேத்தி, "அப்ப, அந்த முதல் மனைவி? அவவின்ரை பக்கத்தை ஆர் சொன்னது?" என்றாள்.

நான் வாயடைத்துப் போனேன். பாட்டாலும் படத்தாலும் இருவர் காதல் நிலைத்துவிட்டது. ஒருவர் துயரோ கதையின் ஓரத்தில் ஒரு வரியாய் ஒடுங்கிவிட்டது. மாண்டவர் வாழ்வை மேடையேற்ற விழைவோர், மறுமொழி கூற இயலாதோரையும் எண்ணிப் பார்த்தல் அறமன்றோ?

பேத்தி இப்பொழுது இக்கதையையே நாடகமாக எழுதி வருகிறாள். அதில் மூன்றாவதாக ஒரு பெண் பாத்திரமும் உண்டு. அப்பெண்ணுக்குரிய வசனம் மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. அவர் சொல்லாததை அவர் வாயிற் புகுத்த மனம் துணியவில்லையாம்.